ஒரு தேக்கரண்டி அசாயித் தூள்

தென் அமெரிக்காவின் அமேசான் ஆறு கடலோடு கலக்கும் கழிமுகப் பகுதியில், ஓதநீர் நாள்தோறும் ஏறி இறங்கும் சேற்று நிலங்களில் தானாகவே வளரும் ஒரு வகைப் பனையின் கனியே அசாயி. அந்தக் கனியின் சதையை உலர்த்திப் பொடித்த கருஊதாத் தூள் இன்று உலகெங்கும் உடல்நலப் பொருள்கள் விற்கும் கடைகளில் சிறு பொட்டலங்களாகக் கிடைக்கிறது. இந்தியாவிலும் இறக்குமதிப் பொருளாக, இணையக் கடைகளில் கணிசமான விலைக்கு விற்கப்படுகிறது. பொட்டலத்தின் மேல் 'சூப்பர் ஃபுட்' என்ற முத்திரையும், முதுமையைத் தள்ளிப்போடும், எடையைக் குறைக்கும், இதயத்தைக் காக்கும் என்ற உறுதிமொழிகளும் காணப்படுவது வழக்கம். இந்த உறுதிமொழிகளில் எவை நிற்கும், எவை நில்லா என்பதை அறிய, அந்தக் கனி அதன் சொந்த மண்ணில் எப்படி உண்ணப்படுகிறது என்பதிலிருந்து தொடங்குவதே பொருத்தம். ஏனெனில் அங்கே அது மருந்தும் அன்று, அழகுப் பொருளும் அன்று, வயிறு நிறைக்கும் அன்றாட உணவு.

தென்னை, பனை, பாக்கு, ஈச்சை ஆகியவை அடங்கிய அதே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்த இம்மரத்துக்குத் தாவரவியலார் இட்ட பெயர் யூட்டர்ப்பே ஒலெராசியா என்பதாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரேசில் காடுகளை ஆராய்ந்த ஜெர்மானியத் தாவரவியலார் மார்ஷியஸ் இப்பெயரைச் சூட்டினார். ஒற்றைத் தண்டாக நிற்காமல், அடியிலிருந்து பக்கக் கன்றுகள் கிளைத்துப் புதராக வளர்வது இம்மரத்தின் இயல்பு. ஒரு தண்டை வெட்டினாலும் அருகிலுள்ள கன்று தலையெடுத்துவிடும். மரத்தின் உச்சியில், மட்டைகளுக்குக் கீழே, துடைப்பக் குச்சிகள் போன்ற பாளைக் கிளைகளில் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மிகுந்த குறுக்களவுள்ள உருண்டைக் காய்கள் நூற்றுக்கணக்கில் காய்த்து, பழுக்கும்போது கருஊதா நிறம் பெறுகின்றன. வணிக உலகம் இதைப் பெர்ரி என்று அழைத்தாலும், கனியின் எடையில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் கொட்டைதான். உண்ணத்தக்கது அதன்மேல் போர்த்திய மெல்லிய தோலும் சதையும் மட்டுமே. அசாயித் தூளின் விலை உயர்ந்திருப்பதற்கு இந்தச் சதைப்பஞ்சமும் ஒரு காரணம்.

பிரேசிலின் மொத்த அசாயி விளைச்சலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பாரா மாநிலத்திலிருந்து கிடைக்கிறது. அங்கே ஆற்றங்கரைகளில் மரக்கால்களின் மேல் வீடு கட்டி வாழும் மக்கள், ஆண்டின் பிற்பாதியில், தோராயமாக ஜூலை தொடங்கி டிசம்பர் வரை, இக்கனியைப் பறிக்கிறார்கள். பறிப்பவர் ஓலையாலோ சாக்குத் துணியாலோ முறுக்கிய வளையத்தை இரு பாதங்களிலும் மாட்டிக்கொண்டு, வழவழப்பான தண்டைப் பாதங்களால் கவ்வி ஏறுகிறார். தமிழகத்துப் பனையேறிகள் காலில் மாட்டும் தளைநாருக்கும் இதற்கும் வேலையில் வேறுபாடு இல்லை. உச்சியில் குலையை அறுத்து, கையில் பிடித்தபடியே இறங்க வேண்டும். கீழே போட்டால் கனிகள் சிதறி மண்ணில் புதைந்துவிடும். தண்டு மெலிந்தது, கனமான ஆளைத் தாங்காது என்பதால் சிறுவர்களும் இந்த வேலையில் ஈடுபடுத்தப்படுகிறார்கள். இது பிரேசிலிலும் வெளிநாட்டிலும் செய்தியாளர்களால் பலமுறை எடுத்துக்காட்டப்பட்ட ஒரு குறை.

பறித்த கனி ஓரிரு நாள்கூடத் தாங்காது. வெப்பமும் ஈரமும் மிகுந்த அந்தச் சூழலில் அது விரைவில் புளித்துவிடுவதால், பறித்த அன்று இரவே கனிகள் பிரம்புக் கூடைகளில் படகேறி, விடியுமுன் மாநிலத் தலைநகரான பெலேமின் வேர்-ஓ-பெசோ சந்தையை ஒட்டிய படகுத்துறையை வந்தடைகின்றன. அங்கிருந்து அவை நகரின் தெருக்களெங்கும் உள்ள சிறு அரைப்புக் கடைகளுக்குப் போகும். சாறு தயார் என்பதற்கு அடையாளமாக அக்கடைகள் வாசலில் சிவப்புக் கொடி கட்டுகின்றன. வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்த கனிகளை நீர் விட்டுச் சுழற்றும் இயந்திரம், கொட்டையிலிருந்து தோலையும் சதையையும் உரசிப் பிரித்து, கூழ் போன்ற கருஊதாக் குழம்பாக வடித்துத் தருகிறது. சேர்க்கப்படும் நீரின் அளவைப் பொறுத்தே தரம் அமைகிறது: திடப்பொருள் 14 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் கெட்டி, 11 முதல் 14 வரை நடுத்தரம், 8 முதல் 11 வரை நீர்த்தது என்று பிரேசில் அரசின் விதிகளே வகுத்திருக்கின்றன. இந்தக் குழம்பை மரவள்ளிக்கிழங்கு மாவைத் தூவி, பொரித்த மீனுடனோ உலர்ந்த இறாலுடனோ உண்பது பெலேம் மக்களின் வழக்கம். சர்க்கரை சேர்ப்போரும் உண்டு என்றாலும், இனிப்பில்லாத, மண்வாசனை கலந்த, நாவில் எண்ணெய்ப்பசை படரும் அந்தச் சுவையே அங்கு இயல்பானதாகக் கருதப்படுகிறது.

இதே கனி இனிப்புப் பண்டமானது தெற்கே, ரியோ டி ஜனீரோவில். ஜியு-ஜிட்சு மற்போர்க் கலையில் பேர்பெற்ற கிரேசி குடும்பத்தார் இதைத் தம் உணவுமுறையில் சேர்த்துக்கொண்டதும், கடற்கரை விளையாட்டு வீரர்கள் அதைப் பின்பற்றியதும் அங்கே இதற்குப் பெயர் வாங்கித் தந்தன. உறைந்த அசாயிக் கூழோடு குவரானா என்ற இன்னொரு அமேசான் கனியின் இனிப்புப் பாகையும் வாழைப்பழத்தையும் அரைத்து, மேலே வறுத்த தானியக் கலவையைத் தூவி, கிண்ணத்தில் கரண்டியால் உண்ணும் முறை அங்கிருந்தே பரவியது. 2000ஆம் ஆண்டையொட்டி உறைந்த கூழ் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. உறைநிலையிலேயே ஏற்றி, உறைநிலையிலேயே சேமித்து, உறைநிலையிலேயே விற்க வேண்டிய பொருளுக்கு ஆகும் செலவைத் தவிர்க்கும் வழியாகத்தான் தூள் வணிகம் வளர்ந்தது.

தூள் இரு முறைகளில் செய்யப்படுகிறது. முதலாவது உறையவைத்து உலர்த்தும் முறை: கூழைப் பனிக்கட்டியாக உறையவைத்து, காற்று நீக்கிய அறையில் வைத்து மெல்லச் சூடேற்றினால், பனிக்கட்டி நீராக உருகாமல் நேரே ஆவியாகிவிடும், வெப்பம் குறைவாக இருப்பதால் நிறமும் சத்தும் பெரும்பாலும் தங்குகின்றன. இரண்டாவது தெளித்து உலர்த்தும் முறை: கூழைச் சூடான காற்றில் நுண்துளிகளாகத் தெளித்து உலர்த்துவது. அசாயியில் கொழுப்பு மிகுதி, தெளிக்கும்போது ஒட்டிக்கொள்ளும் என்பதால், மாவுச்சத்திலிருந்து எடுக்கப்படும் மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்ற நிரப்பி இதில் சேர்க்கப்படுகிறது. சில தூள்களில் இந்த நிரப்பியின் பங்கு கணிசமானது. மேலோட்டமான பார்வைக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருந்தாலும், உற்று நோக்கினால் வேறுபாடு தெரியும். நிரப்பி கலந்த தூள் வெளிறிய ஊதாவாக, நீரில் எளிதில் கரைவதாக, மெல்லிய இனிப்போடு இருக்கும். தனி அசாயித் தூளோ கருத்து, விரலில் தேய்த்தால் எண்ணெய்ப்பசை தெரிய, நீரில் விட்டால் மேலே மிதந்து கட்டி தட்டும். ஆகவே 'நன்றாகக் கரைகிறது' என்பது இந்தப் பொருளைப் பொறுத்தவரை பாராட்டு ஆகாது.

சத்துக்களைப் பற்றி அடிக்கடி எடுத்தாளப்படும் அளவீடு 2006இல் வெளியான ஓர் ஆய்விலிருந்து வந்தது. நிரப்பி எதுவும் சேர்க்காமல் உறையவைத்து உலர்த்திய தூளின் 100 கிராமில் ஏறத்தாழ 534 கிலோகலோரி ஆற்றலும், 32.5 கிராம் கொழுப்பும், 52 கிராம் மாவுப்பொருளும், 8 கிராம் புரதமும் இருப்பதாக அந்த ஆய்வு கணக்கிட்டது. மாவுப்பொருள் என்று கணக்கிடப்பட்ட 52 கிராமில் 44 கிராம் நார்ச்சத்து, சர்க்கரை 1.3 கிராம் மட்டுமே. பழம் என்றால் சர்க்கரையும் வைட்டமின் சியும் நினைவுக்கு வருவது இயல்பு. அசாயியில் இரண்டுமே இல்லை என்று சொல்லத்தக்க அளவில்தான் உள்ளன. சத்தமைப்பை வைத்து வகைப்படுத்தினால் இது எண்ணெய்க் கனி, ஆலிவ், வெண்ணெய்ப்பழம் ஆகியவற்றின் வரிசையில் நிற்பது. கொழுப்பு அமிலங்களில் பாதிக்கு மேல், சுமார் 56 விழுக்காடு, ஆலிவ் எண்ணெயிலும் முதன்மையாக உள்ள ஒலீயிக் அமிலம். இது இதயத்துக்குத் தீங்கு குறைந்தது என்று கருதப்படும் ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு வகையைச் சேர்ந்தது. சுமார் கால் பங்கு, பனை எண்ணெயில் மிகுதியாக உள்ள பால்மிட்டிக் அமிலம். சுண்ணாம்புச்சத்து 260 மில்லிகிராம், இரும்புச்சத்து 4.4 மில்லிகிராம்.

இந்த எண்கள் அனைத்தும் உண்மை. ஆனால் இவற்றைப் பொட்டலத்தின் பின்புறம் அச்சிட்டு விற்கும் முறையில்தான் வாசகர் ஏமாறுகிறார். 100 கிராம் தூளை எவரும் ஒரு நாளில் உண்பதில்லை. வழக்கமாகப் பரிந்துரைக்கப்படும் அளவு ஒரு தேக்கரண்டி, அதாவது சுமார் 5 கிராம். அந்த ஒரு கரண்டியில் கிடைப்பது 27 கிலோகலோரி, ஒன்றரை கிராம் கொழுப்பு, அரை கிராமுக்கும் குறைவான புரதம், இரண்டு கிராம் நார்ச்சத்து, 13 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து தேவை என்ற கணக்கில் அந்த இரண்டு கிராமைச் சற்றுப் பொருட்படுத்தலாம். மற்றவை கணக்கில் எழுதத் தக்கவை அல்ல. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து இருப்பதால், அதே கரண்டியளவு கேழ்வரகு மாவு அசாயித் தூளைவிட அதிகச் சுண்ணாம்புச்சத்தைத் தரும். கேழ்வரகைக் கரண்டியளவில் நிறுத்திக்கொள்பவரும் இல்லை. பெலேமில் ஒரு வேளைக்குக் கிண்ணம் நிறைய உண்ணப்படும் கெட்டிக் குழம்பு உண்மையிலேயே ஆற்றல் தரும் உணவு என்பதும், அதே கனி கரண்டியளவுத் தூளாகச் சுருங்கும்போது அந்தத் தகுதியை இழக்கிறது என்பதும் இங்கே தெளிவாகும்.

விற்பனையாளர்கள் இதற்குத் தரும் விடை, அசாயியின் சிறப்பு அதன் நிறமிகளில் உள்ளது என்பது. கனிக்குக் கருஊதா நிறம் தரும் ஆந்தோசயனின் என்ற நிறமிக் குடும்பம், ஆக்சிஜனேற்ற எதிர்ப்பிகள் எனப்படும் வகையைச் சேர்ந்தது. அதாவது, உடலின் வேதிவினைகளில் உண்டாகி உயிரணுக்களைச் சிதைக்கக்கூடிய நிலையற்ற மூலக்கூறுகளை, சோதனைக் குழாயில் வைத்துப் பார்க்கும்போது, அடக்கவல்லது. மேற்சொன்ன ஆய்வின்படி ஒரு கிராம் தூளில் இந்நிறமிகள் சுமார் 3.2 மில்லிகிராம், ஒரு தேக்கரண்டிக்கு 16 மில்லிகிராம். இவற்றுள் முதன்மையானவை சயனிடின் என்ற மூலக்கூறின் இரு வடிவங்கள். அவற்றில் ஒன்றான சயனிடின்-3-குளுக்கோசைடுதான் கறுப்புக் கவுனி போன்ற கருநிற அரிசிகளின் முதன்மை நிறமியும்கூட. ஆந்தோசயனின் குடும்பத்தின் பிற உறுப்புகள் நாவல் பழத்திலும் கறுப்பு திராட்சையின் தோலிலும் உண்டு. அமேசான் காட்டில் மட்டுமே கிடைக்கும் அரிய மூலப்பொருள் என்று இதைச் சொல்வதற்கு இடமில்லை.

சோதனைக் குழாயில் ஓர் உணவு எத்தனை ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கிறது என்பதை அளக்கும் 'ஓராக்' என்ற அளவுகோலில் அசாயித் தூள் மிக உயர்ந்த மதிப்பைப் பெற்றது. அந்த எண்ணே அதன் விளம்பரங்களின் தலைப்பாக நெடுநாள் நின்றது. ஆனால் அந்த அளவுகோலின் அட்டவணையை வெளியிட்டு வந்த அமெரிக்க வேளாண்மைத் துறையே, சோதனைக் குழாய் மதிப்புகள் மனித உடலில் நிகழும் விளைவைக் காட்டுவதில்லை என்றும், உணவு நிறுவனங்கள் அவற்றைத் தவறாகப் பயன்படுத்துகின்றன என்றும் கூறி, 2012இல் அட்டவணையைத் தன் தளத்திலிருந்து நீக்கிவிட்டது. உண்ட நிறமிகளில் ஒரு சிறு பகுதியே குருதியில் சேர்கிறது. அதுவும் குடலிலும் கல்லீரலிலும் உருமாறிய பிறகே சேர்கிறது. அட்டவணை நீக்கப்பட்டுப் பத்தாண்டுகளுக்கு மேலாகியும் பொட்டலங்களில் அந்த எண் தொடர்ந்து அச்சாகிறது.

மனிதர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வுகள் சிறியவை, ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவை. 2011இல் வெளியான ஒன்றில், எடை மிகுந்த பத்துப் பேர் ஒரு மாதம் நாளுக்கு இருமுறை 100 கிராம் கூழ் உண்டபோது, அவர்களின் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் மொத்தக் கொழுப்பும் குறைந்தன. ஆனால் ஒப்பிடுவதற்குக் கூழ் உண்ணாத குழு எதுவும் அதில் இல்லை. 2018இல் வெளியான இன்னொன்று, வயிற்றுப் பருமன், உயர் குருதி அழுத்தம், சர்க்கரை மிகுதி ஆகியவை சேர்ந்து காணப்படும் வளர்சிதை நோய்க்குறி உள்ள 37 பேரிடம் பன்னிரண்டு வாரம், ஒரு சாராருக்கு அசாயிப் பானமும் மறு சாராருக்கு அதுபோன்ற வெறும் பானமும் கொடுத்து நடத்தப்பட்டது. அழற்சியையும் ஆக்சிஜனேற்றத்தையும் காட்டும் சில அளவீடுகள் குறைந்தன. சர்க்கரையிலும் கொழுப்பிலும் மாற்றம் இல்லை. ஒழுங்காக வடிவமைக்கப்பட்ட பின்னதற்கே கூடுதல் மதிப்பு தர வேண்டும். எடைக் குறைப்புக்கோ, நம்பத்தக்க சான்று கிடையாது.

சான்று இல்லாதது வணிகத்துக்குத் தடையாகவில்லை. அமெரிக்காவில் 2000களின் பிற்பகுதியில் 'இலவச மாதிரி' என்று சொல்லிக் கடன் அட்டை எண்ணைப் பெற்றுக்கொண்டு, பிறகு மாதந்தோறும் பணம் பிடித்த அசாயி மாத்திரை வணிகங்கள் பெருகின. தொலைக்காட்சியில் புகழ்பெற்ற ஓப்ரா வின்ஃப்ரேயும் மருத்துவர் மெஹ்மெட் ஓஸும் தங்கள் பெயரை அனுமதியின்றிப் பயன்படுத்தியதற்காக 2009இல் இத்தகைய விற்பனையாளர்கள் மீது வழக்குத் தொடர்ந்தனர். செய்தித் தளம்போல் தோற்றமளித்து, செய்தியாளர் ஒருவர் தானே உண்டு எடை குறைந்ததாகக் கதை கட்டிய இணையப் பக்கங்களை நிறுத்தக் கோரி, அந்நாட்டு வணிகக் கண்காணிப்பு ஆணையம் 2011 ஏப்ரலில் பத்து நிறுவனக் குழுக்கள் மீது நீதிமன்றத்தை நாடியது.

இவ்வளவும் சொன்ன பிறகு, தூளை வாங்கி வைத்திருப்பவர் அதை எப்படிப் பயன்படுத்தலாம் என்பதையும் சொல்வது முறை. வெறும் நீரில் கலக்காமல், கொழுப்பு உள்ள ஏதாவது ஒன்றோடு சேர்ப்பது நல்லது. கட்டித் தயிரில் ஒரு தேக்கரண்டித் தூளையிட்டு முதலில் பசைபோல் குழைத்து, பின் மீதித் தயிரையும் நன்கு பழுத்த வாழைப்பழத்தையும் சேர்த்து மசித்தால் கட்டி தட்டாது. வாழைப்பழத் துண்டுகளை முன்னிரவே உறையவைத்து, சிறிது பாலோடும் தூளோடும் அரைத்தால், ரியோ கடற்கரைக் கிண்ணத்துக்கு ஏறக்குறைய நெருங்கிய ஒன்று கிடைக்கும். ஓட்ஸ் கஞ்சியிலோ சிறுதானியக் கஞ்சியிலோ சேர்ப்பதானால், அடுப்பிலிருந்து இறக்கி ஆறிய பின் கலக்க வேண்டும். ஆந்தோசயனின் சூட்டில் சிதையும். எலுமிச்சை போன்ற புளிப்பு சேர்ந்தால் நிறம் சிவந்து பளிச்சிடும். சமையல் சோடா சேர்ந்த கேக் மாவில் அதே தூள் சாம்பல் கலந்த நீலமாக மாறிவிடும். அது கெட்டுப்போனதற்கு அடையாளம் அன்று, நிறமியின் வேதியியல் இயல்பு. கெட்டுப்போனதற்கு அடையாளம் பழைய எண்ணெய் போன்ற சிக்கு வாடை. கொழுப்பு மிகுந்த பொருளாதலால், திறந்த பொட்டலத்தைக் காற்றுப் புகாத, ஒளி படாத கலத்தில் குளிர்பெட்டியில் வைத்துச் சில வாரங்களுக்குள் முடித்துவிட வேண்டும். முகப்பூச்சாகப் பயன்படுத்துவதைப் பற்றிச் சொல்வதற்கு நிறம் ஒட்டும் என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை.

எச்சரிக்கைகள் சிலவும் உள்ளன. அசாயியில் மாங்கனீசு மிகுதி. இது காந்தப்புலத்தால் உள்ளுறுப்புகளைப் படமெடுக்கும் எம்ஆர்ஐ சோதனையில் தெரியக்கூடியது என்பதால், அசாயிச் சாற்றையே குடலைத் தெளிவாகக் காட்டும் பொருளாகப் பயன்படுத்திப் பார்த்த ஆய்வாளர்களும் உண்டு. எம்ஆர்ஐ எடுத்துக்கொள்ளப் போகிறவர் அசாயி உண்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

பிரேசிலில் உண்பவர்களுக்கு இதைவிடப் பெரிய கவலை சாகஸ் நோய். 1909இல் கார்லோஸ் சாகஸ் என்ற பிரேசில் மருத்துவர் கண்டறிந்த இந்நோய், குருதி உறிஞ்சும் ஒரு வகைப் பூச்சி இனத்தின் கழிவில் உள்ள ஓரணு ஒட்டுண்ணியால் வருவது. நாட்பட்டால் இதயத்தைத் தாக்கும். கூடைகளில் ஒளிந்திருக்கும் பூச்சி கனிகளோடு சேர்ந்து அரைபடும்போது ஒட்டுண்ணி நேரே உணவில் கலந்துவிடுகிறது. இதைத் தடுக்க, கழுவிய கனிகளை அரைப்பதற்கு முன் 80 பாகை செல்சியஸ் வெந்நீரில் பத்து நொடி முக்கியெடுக்கும் முறையைப் பாரா மாநில அரசு 2012இல் அரைப்புக் கடைகளுக்கு விதியாக்கியது. 2025 நவம்பரில் பெலேமில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டின் உணவு ஒப்பந்த அறிவிப்பில், தொற்று அச்சத்தைக் காரணம் காட்டி முதலில் அசாயி விலக்கப்பட்டதும், ஊர்மக்கள் கொதித்தெழுந்ததால் சில நாள்களில் அந்தத் தடை திரும்பப் பெறப்பட்டதும் இந்தப் பின்னணியில்தான். ஆபத்து பெரிதும் சூடாக்காத பச்சைச் சாற்றோடு தொடர்புடையது. தூள் வாங்குவோரும் கூழ் சூட்டால் தூய்மைப்படுத்தப்பட்டதா என்று உறையில் பார்ப்பது நல்லது.

ஏற்றுமதித் தேவை பெருகியதால், பலவகை மரங்கள் கலந்து நின்ற ஆற்றங்கரைக் காடுகள் சில இடங்களில் அசாயி மட்டுமே நிற்கும் தோப்புகளாக மாறி வருவதை அமேசான் சூழலியலாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். விலையேற்றத்தால் ஆற்றங்கரைக் குடும்பங்களுக்கு வருமானம் கூடியது உண்மை. பெலேம் நகரத்து ஏழைகளின் கிண்ணத்தில் குழம்பு நீர்த்துப்போனதும் அதே விலையேற்றத்தால்தான்.

வாங்கும்போது உறையின் முன்புறத்து வாசகங்களை விட்டுவிட்டு, பின்புறத்துச் சேர்மானப் பட்டியலைப் படிக்க வேண்டும். அசாயி மட்டுமே இருந்தாலோ, அதோடு சிறிது சிட்ரிக் அமிலமோ லெசித்தினோ சேர்ந்திருந்தாலோ குறையில்லை. மால்ட்டோடெக்ஸ்ட்ரினோ சர்க்கரையோ முதலிடத்தில் இருந்தால் அது அசாயி நிறமூட்டிய மாவு. 100 கிராமுக்குக் கொழுப்பு 30 கிராமை ஒட்டி இருந்தால் தூள் தூய்மையானது என்று பெரும்பாலும் நம்பலாம். 10 கிராமுக்குக் கீழே இருந்தால் கொழுப்பு நீக்கப்பட்டிருக்க வேண்டும் அல்லது நிரப்பி கலந்திருக்க வேண்டும். சுவைக்காக விரும்பி உண்பவர் அந்த விலையைக் கொடுக்கலாம். சத்துக்காக மட்டும் வாங்குபவருக்கு அந்தச் செலவு தேவையற்றது.